மரத்துக்காக ஒடித்த வீடு

எங்கள் வீட்டை முதல்முறை பார்க்கிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். எதற்கு வீட்டை நடுவில் இப்படி ஒடித்துக் கட்டியிருக்கிறீர்கள் என்பது ஒன்று. முன்னறை தெற்கே தனியாக நிற்கிறது, அடுக்களை வடக்கே தனியாக நிற்கிறது, பின்பக்கமாகச் சுற்றிப்போகும் ஒடுங்கிய நடைவழி ஒன்று இரண்டையும் சேர்க்கிறது. நடுவில் வெறும் மண். இவ்வளவு நல்ல அடுக்களை இருக்கும்போது ஏன் பின்னால் தகரக் கொட்டகையில் சமைக்கிறீர்கள் என்பது இரண்டாவது. வாஸ்து என்று சொல்லிவிடுவேன். இரண்டுக்கும் அது ஒன்றே போதும். கேட்டவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

எனக்கு எப்போதுமே அப்படித்தான். முப்பது வருடத்துக்கு மேல் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பயணி கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும். மேல்புறம் ஸ்டாப்பில் நிற்குமா, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், அடுத்த வண்டி உண்டா. தெரியாது என்று சொல்லிப் பாருங்கள், நம்மை ஏற இறங்கப் பார்ப்பான். அதனால் தெரியாததையும் தெரிந்த குரலில் சொல்லப் பழகிவிட்டேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தப்பாகப் போனாலும் பயணி இறங்கிப் போயிருப்பான், சண்டை போடத் திரும்பி வரமாட்டான். வீட்டில் இருப்பவர்கள் எங்கும் இறங்கிப் போவதில்லை என்பது எனக்கு உறைக்க இத்தனை காலம் ஆயிற்று.

எங்களுக்கு ஒரே பிள்ளை. பெண். ஒன்பது நாள் இருந்தாள். பெயர் கிடையாது. எங்கள் பக்கம் இருபத்தெட்டாம் நாள்தான் அரைஞாண் கட்டிக் காதில் பெயர் சொல்வது. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். பிரசவத்தில் ஜன்னி கண்டு என் மனைவி ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தாள். பிள்ளையை என் மாமியார்தான் பார்த்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் காலையில் பிள்ளை போய்விட்டது. மனைவி பிழைப்பாளா என்றே தெரியாத நிலையில் நான் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. என் அப்பா வந்து பிள்ளையைத் துண்டில் பொதிந்து, ஒரு வாடகைக் காரில் சிதறால் பக்கம் இருக்கும் எங்கள் பறம்புக்கு, வீடு நிற்கும் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். வீட்டுக்கு முன்னால் எங்கள் சொந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார். கூட யாரையும் சேர்க்கவில்லை. தானே தோண்டி, தானே மூடினார்.

குழந்தையை அடக்கிய இடத்தில் தென்னை வைப்பது எங்கள் பக்கம் வழக்கம். தென்னங்கன்று என்று நாங்கள் சொல்வதில்லை, தென்னம்பிள்ளை என்போம். அப்பா அன்றைக்கு ஒரு தென்னம்பிள்ளைக்குப் பதில் மூன்று வாங்கிவந்து, தெற்கிலிருந்து வடக்கே ஒரே வரிசையாக நட்டுவிட்டார். ஒன்று மட்டும் நட்டால் ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருக்கும், பெற்றவள் அதன் மூட்டிலேயே, அதாவது அடியிலேயே, உட்கார்ந்து அழுது சாவாள் என்பது அவருடைய கணக்கு. நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தில் செய்கிறவர்கள் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

ஒரு மாதம் கழித்து மனைவி வீட்டுக்கு வந்தாள். வண்டியிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குள் போகவில்லை. புதிதாக வெட்டிய மூன்று குழிகளையும் அவற்றில் நிற்கும் மூன்று தென்னம்பிள்ளைகளையும் பார்த்தாள். பிள்ளை போனதை அதுவரை அவளிடம் மறைத்திருந்தோம், இனிச் சொல்ல வேண்டியதே இல்லாமல் போயிற்று.

"எது?" என்றாள்.

எனக்குத் தெரியாது. அப்பாவிடம் நான் கேட்டிருக்கவில்லை. அவளுக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை, கன்னம் இரண்டும் ஒட்டிப்போயிருந்தது. ஒரு பதிலைச் சொல்லித் தொலைத்தால் உள்ளே வந்து படுப்பாளே என்று இருந்தது. கையை நீட்டினேன்.

"நடுவில நிக்குது."

அவ்வளவுதான். ஒரு நொடிகூட ஆகியிருக்காது.

சில நாள் கழித்து அப்பாவிடம் தனியாகக் கேட்டேன். "எதுக்குலே ஒனக்கு? அவளுக்குக் காட்டிக் குடுக்கவா? பேசாம சோலியப் பாரு," என்று எரிந்து விழுந்தார். நான் ஏற்கெனவே காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு எப்போதாவது கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். கடைசியில் கேட்க நினைத்தபோது அவருக்கு ஒரு பக்கம் இழுத்துப் பேச்சு போய்விட்டிருந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. மனைவி அண்டியாபீசுக்கு வேலைக்குப் போனாள், முந்திரிக்கொட்டை உடைக்க. தோட்டெண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துப்போகும் வேலை. காலையில் போகுமுன் அரிசி கழுவிய தண்ணீரை நடுத்தென்னைக்கு ஊற்றிவிட்டுத்தான் போவாள். மழை கொட்டினாலும் ஊற்றுவாள். அந்த மரத்துத் தேங்காயை வீட்டுக்குள் எடுக்க மாட்டாள். மரமேறுகிறவர் வெட்டிப் போடும்போதே தனியாகப் போடச் சொல்லி, அப்படியே கோயிலுக்குக் கொடுத்துவிடுவாள். மற்ற இரண்டு மரத்துக் காய்தான் எங்கள் கறிக்கு. அதிலும் வடக்கு மரத்துக் காய்க்குத்தான் ருசி அதிகம் என்பாள். மீன்குழம்பு வைக்கும் நாளில் வடக்கு மூட்டுத் தேங்காய் இருக்கிறதா என்று தேடி எடுப்பாள். எனக்கும் அது பிடிக்கும்.

நான் ஓய்வுபெற்ற மறு வருடம் ஒரு பெருங்காற்று வந்து பழைய ஓட்டுவீட்டின் கூரையில் பாதியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. இனி ஓடு மாற்றிப் பிரயோசனமில்லை, பின்கட்டை மட்டும் வைத்துக்கொண்டு முன்னால் வார்ப்பு வீடாகக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். கான்கிரீட் கூரை போட்ட வீட்டுக்கு எங்கள் பக்கம் வார்ப்பு வீடு என்று பெயர்.

"ரெண்டு பேருக்கு எதுக்குடே இம்பிடு பெரிய வீடு? ஆருக்கு வேண்டி?" என்று பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டார். "ஒமக்கு வேண்டித்தான், வந்து இரும்," என்றேன். சிரித்தார். அந்த ஆளுக்கு நான்கு பிள்ளைகள். என் வயிறு எப்படி எரிந்தது என்று அவருக்குத் தெரியாது.

மனைவிக்கு வேண்டியது அடுக்களை ஒன்றுதான். இத்தனை வருடம் கதவில்லாத ஒரு மூலையில் புகையில் நின்று வெந்தவள். நின்றுகொண்டு சமைக்க மேடை வேண்டும், ஒரு பெரிய சன்னல் வேண்டும், அதைத் திறந்தால் மரம் தெரிய வேண்டும் என்றாள். எந்த மரம் என்று நான் கேட்கவில்லை.

வரைபடம் போட வந்த என்ஜினியருக்குச் சின்ன வயது. அளந்து பார்த்துவிட்டு, "அம்மா, மூணு மரத்தையும் எடுத்துட்டா வீடு நல்ல சதுரமா வரும். மூணும் இடைஞ்சல்தான்," என்றான்.

"மத்த ரெண்டையும் எடுத்துக்கிடுங்க. அது நிக்கட்டும்," என்றாள் மனைவி.

"வீடு கோணலாப் போயிருமேம்மா."

"கோணலா இருந்துட்டுப் போட்டும். அதத் தொட்டா எனக்கு வீடே வேண்டாம்."

அவன் என்னைப் பார்த்தான். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். இன்னும் எதுவும் வெட்டவில்லை, தோண்டவில்லை. எந்த மரம் என்று எனக்கும் தெரியாது, மூன்றையும் விட்டுவிட்டுப் பக்கவாட்டில் கட்டுவோம் என்று ஒரு வார்த்தை. "அவ சொன்னபடி வரையப்பா," என்று அவனிடம்தான் சொன்னேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே வீட்டை நடுவில் ஒடித்து வரைந்தான்.

மாசி மாதம் தெற்கு மரத்தையும் வடக்கு மரத்தையும் வெட்டினார்கள். வடக்கு மரம் விழுந்தபோது மனைவி பக்கத்தில்தான் நின்றாள். "நல்ல காய் தந்த மூடு, பாவம்," என்று சொல்லிவிட்டு, குலையிலிருந்த இளநீரில் ஒன்றை வெட்டச் சொல்லி வேலைக்காரர்களுக்குக் கொடுத்தாள். அவளும் ஒரு வாய் குடித்தாள். தடி இரண்டையும் துண்டு போட்டு, வார்ப்பு போடும்போது முட்டுக் கொடுக்க ஆகும் என்று வேலியோரம் அடுக்கிவைத்தோம்.

அஸ்திவாரக் குழிக்கு எங்கள் ஊரில் வானம் என்று பெயர். மண்ணுக்குள் வெட்டுகிற குழிக்குப் போய் எவன் இந்தப் பெயரை வைத்தானோ. எங்கள் வழி ஒடுக்கம், இயந்திரம் எதுவும் உள்ளே வராது. மண்வெட்டியும் கடப்பாரையும்தான். கொத்தனார் நல்ல வேலைக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், வாய் மட்டும் ஓயாது. வானம் பாதி வெட்டியபோது கோடை மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. வெட்டிய இடமெல்லாம் தண்ணீர் நின்று கரை இடிந்தது. மோட்டார் வைத்து இறைத்து, மறுபடி வெட்டி, மறுபடி மழை. கொத்தனார் வானத்துக்குள் நின்று மேலே பார்த்து, "அண்ணே, அந்த வானம் ஓட்டையாப் போச்சு, இந்த வானம் குளமாப் போச்சு. வீடு கட்டாண்டாம், மீன் வளப்போம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தே நாளாகியிருந்தது.

மழை விட்ட பிறகு அடுக்களைப் பக்கத்து வானத்தில் மறுபடி இறங்கினார்கள். அங்கேதான் வடக்குத் தென்னையின் மூடு கிடந்தது. வேர்க்கட்டு முழுவதையும் பெயர்த்து எடுக்காமல் கல் போட முடியாது. இரண்டு பேர் கடப்பாரை போட்டு நெம்பி, கோடாரியால் துண்டு துண்டாகக் கொத்தி எடுத்தார்கள். மண்ணைக் கூடையில் அள்ளி, முன்னறைத் தரையை உயர்த்த அங்கே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். இரண்டு நாள் வேலை. எத்தனையோ கூடை போயிற்று.

இரண்டாம் நாள் பத்துமணி வாக்கில் கொத்தனார் கூப்பிட்டார்.

"அண்ணே, இஞ்ச வாங்க. வேருக்குள்ள ஏதோ பாத்திரம் கெடக்கு."

போனேன். கையளவு வேர்க்கட்டு ஒன்றைப் பிளந்து வைத்திருந்தார். நடுவில், வேர்கள் சுற்றிப் பின்னியதற்குள், பச்சை பூத்துப்போன ஒரு சின்னப் பித்தளைச் சங்கு. குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு. கத்தியால் வேரை அறுத்துவிட்டு என் கையில் வைத்தார். விரலால் தேய்த்தேன். விளிம்புக்குக் கீழே என் மாமியாரின் பெயரின் முதலெழுத்து வெட்டியிருந்தது. அவர் வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் அந்த எழுத்து உண்டு. மனைவி நினைவில்லாமல் கிடந்த ஒன்பது நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவர் இதில்தான் பால் கொடுத்தார். பிள்ளை பயன்படுத்தியதை வீட்டில் வைக்கக் கூடாது என்று அப்பா கூடவே வைத்து மூடியிருக்கிறார்.

 வானத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை வடக்கு மரத்தில் இருந்திருக்கிறாள். நாங்கள் தேடித்தேடி எடுத்துத் துருவியது, அரைத்தது, குழம்பில் ஊற்றியது, ருசி என்று சொல்லிச் சப்புக்கொட்டியது. கடவுளே. 

"பளைய சாமானா அண்ணே? ஏதாம் புதையலு கெடக்கா?" என்று கொத்தனார் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்த ஆளுக்கு அப்போதே ஏதோ புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"மண்ண எங்க கொட்டினியோ?" என்றேன்.

"முன்னறையில கொஞ்சம், நடையில கொஞ்சம், மிச்சம் இந்த அடுக்களைக்குள்ள. எல்லா எடத்துலயும்தான் அண்ணே. என்னத்துக்கு?"

எந்தக் கூடை எங்கே போயிற்று என்று யாரால் சொல்ல முடியும். அந்த மண்ணில் எலும்பு இருந்திருக்காது. ஒன்பது நாள் பிள்ளைக்கு என்ன எலும்பு இருக்கும், இந்த ஈரத்தில், இத்தனை வருடத்தில். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது மனைவி பழைய வீட்டுப் பக்கமிருந்து பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்தாள். வாளியை வைத்துவிட்டு, "என்ன, எல்லாரும் பேயறஞ்ச மாதிரி நிக்கிய?" என்றாள். நான் சங்கை மடியில் சொருகிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல. வேரு பெரிசு, அதான்."

கொத்தனார் என்னைப் பார்த்தார். அடியில் போட வேண்டிய சல்லிக் கலவை தயாராக இருந்தது. "அண்ணே, போடட்டா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். வேண்டாம் என்று நான் சொன்னால் நிறுத்தியிருப்பார், ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார்.

"போடுங்க," என்றேன்.

போட்டார்கள். மனைவி நின்று பார்த்தாள். அவளுடைய அடுக்களைக்கு முதல் கலவை விழுகிறது அல்லவா. முகமெல்லாம் சந்தோஷம்.

அதற்குப் பிறகு வீடு எழும்பியது என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு அதில் ஒரு பங்கும் இருந்ததாக ஞாபகமில்லை. சங்கைப் பழைய டிக்கெட் பையில் போட்டு அலமாரியின் மேலே வைத்தேன். கல்கட்டு முடிந்தது, சுவர் சன்னல் மட்டத்துக்கு வந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தேங்காய் அரைத்த எதையும் தொட முடியவில்லை. கொலஸ்ட்ரால் என்று சொன்னேன். அதற்கும் ஒரு பதில் இருந்தது பாருங்கள். மனைவி பாவம், எனக்காகத் தேங்காய் இல்லாமல் ஒரு குழம்பு தனியாக வைத்தாள்.

ஒருநாள் மார்த்தாண்டத்தில் கம்பி எடுக்கப் போயிருந்தபோது போன் வந்தது. வேலைக்கு வரும் பெண்தான். "அண்ணே, கொத்தனாருக்க சாரம் அவுந்துபோச்சு, ஓடி வாங்க," என்றாள். எங்கள் ஊரில் கைலிக்கும் சாரம் என்றுதான் பெயர், கட்டடத்தில் ஏறி நின்று வேலை செய்யக் கட்டும் சட்டத்துக்கும் சாரம் என்றுதான் பெயர். நான் கடையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். "அவுந்தா உடுக்கச் சொல்லு, அதுக்கு நான் எதுக்கு?" என்றேன். அந்தப்பக்கம் அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கயிறு அவிழ்ந்து சாரத்தோடு விழுந்திருக்கிறார். தொடையெலும்பு முறிந்து இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தார். விழுந்தது அடுக்களைச் சுவரிலிருந்து.

எனக்கு இந்த மாதிரி விஷயத்திலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பஸ்ஸில் எத்தனை விபத்து பார்த்திருக்கிறேன், எல்லாவற்றுக்கும் காரணம் பிரேக்கும் தூக்கமும்தான். ஆனாலும் அந்த அடுக்களைக்குள் போகும்போதெல்லாம் என்னையறியாமல் செருப்பைக் கழற்றினேன். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது கொத்தனார் என் கையைப் பிடித்து, "அண்ணே, அந்தச் சங்க அக்காட்ட காட்டினியளா?" என்று கேட்டார். "காட்டுவேன்," என்றேன்.

அவருடைய தம்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் வார்ப்பு போட்டேயாக வேண்டும் என்று அவசரம். வடக்கு மரத்தின் துண்டுகளே அடுக்களைக் கூரையைத் தாங்கி நின்றன. வார்ப்பன்று வேலைக்காரர்கள் எல்லோருக்கும் மனைவி இறைச்சிக் குழம்போடு சாப்பாடு போட்டாள். கலவை குழைத்த இயந்திரத்தைக் கழுவிய தண்ணீர், சட்டி கழுவிய தண்ணீர் எல்லாம் நடுத் தென்னையின் மூட்டில் போய்த் தேங்கியதை அந்த அமளியில் யாரும் கவனிக்கவில்லை. இரண்டு பக்கமும் வானம் வெட்டியதில் அதன் வேர் ஏற்கெனவே பாதி போயிருந்தது.

ஆடியில் நடுக்குருத்து சாய்ந்தது. முதலில் மனைவிதான் கண்டாள். பிறகு ஓலை ஒவ்வொன்றாக மஞ்சளித்துத் தொங்கியது. அவள் உப்பும் மணலும் கலந்து மரத்தின் மண்டையில் போடச் சொன்னாள். மருந்து வாங்கி ஊற்றினாள். விவசாய ஆபீசுக்குத் தானே போய் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் பார்த்துவிட்டுக் குருத்து அழுகிவிட்டது, இனி பிழைக்காது, வீட்டின் மேல் விழுமுன் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவணியில் பாலுகாச்சுக்கு, புது வீடு புகுவதற்கு, நாள் குறித்திருந்தோம். "பாலும் காச்சாண்டாம், ஒண்ணும் காச்சாண்டாம்," என்றாள். புது வீட்டுக்குள் அவள் கால் வைப்பதை நிறுத்தினாள். மரத்தின் மூட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதற்காக அப்பா மூன்று தென்னம்பிள்ளை நட்டாரோ அது அப்படியே என் கண்முன்னால் நடந்தது, முப்பது வருடம் தள்ளி. சோறு இறங்கவில்லை. கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது.

"எனக்க வீட்டு ஆசைதான் அவளக் கொன்னு போட்டுது," என்றாள் ஒருநாள். "ஒரு தடவ நான் பாக்காம போனா. இந்தத் தடவ நான் பாத்துக்கிட்டே இருக்கையில போறா."

 இது அவள் இல்லை, இந்த மரத்தில் யாரும் இல்லை என்று சொன்னால் அவளுடைய இந்த அழுகை நிற்கும். சொன்னால், அவள் ஆசையாகக் கட்டிய அடுக்களை எதன் மேல் நிற்கிறது என்றும் சொல்ல வேண்டும். அவள் தன் கையால் எதை அரைத்தாள் என்றும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிறவன்.

பாலுகாச்சுக்குக் குறித்த நாளுக்கு முந்தின காலை மரமேறுகிறவர் கயிறும் கோடாரியுமாக வந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். மனைவி எழுந்து மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அறுபது வயதை நெருங்குகிறவள், நரைத்த தலையை அந்தத் தடியில் முட்டிக்கொண்டு, "தொடாதிய. அவளத் தொடாதிய. நான் செத்த பொறவு வெட்டுங்க," என்று கத்தினாள். மரமேறுகிறவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"ஏட்டி, விடு. அது அவ இல்ல," என்றேன்.

அவள் திரும்பவில்லை.

"அது அவ இல்லட்டி. நான் அண்ணைக்கு சும்மா சொன்னேன். எனக்குத் தெரியாது. அப்பா எங்கிட்ட சொல்லவே இல்ல."

கை மெல்லத் தளர்ந்தது. மரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பழைய வீட்டுக்குள் ஓடி, டிக்கெட் பையை எடுத்துவந்து சங்கை அவள் கையில் வைத்தேன். அதில் பிள்ளைக்குப் பால் கொடுத்ததை அவள் பார்த்ததில்லை. அந்த நாளெல்லாம் அவளுக்கு நினைவில்லை. ஆனால் அந்த எழுத்தைத் தெரியும். கறுத்த விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"எங்க கெடந்தது?"

அடுக்களையைக் காட்டினேன். "வடக்கு மூட்டில."

"எப்ப?"

"வானம் வெட்டையில."

"அந்த மண்ணு?"

"முன்னறை, நடை, அடுக்களை, எல்லா முறியிலயும் கொட்டியாச்சு. அவங்களுக்குத் தெரியாது. எனக்கும் அப்பதான் தெரியும்."

அவள் வீட்டைப் பார்த்தாள். முன்னறையை, நடைவழியை, அடுக்களையை, பெரிய சன்னலை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அழவில்லை. அவள் அழுவாள், என்னை அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வடக்கு மூட்டுத் தேங்கா," என்றாள்.  முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

 சங்கை முந்தானையில் துடைத்து இடுப்பில் சொருகினாள். நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"அண்ணே, நீங்க வெட்டுங்க," என்று மரமேறுகிறவரிடம் சொன்னாள்.

அவர் கோடாரியை எடுத்தார். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். குரலில் கோபமே இல்லை. கணக்கு புரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போலத்தான் சொன்னாள்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தியன்னா, நான் மூணுக்கும் ஊத்தியிருப்பேனே."